ராத்திரியில் கேசுவாலிட்டிக்குப் போனது தப்பா, டாக்டர்?

நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டிலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், எந்த மருத்துவமனை என்பதையெல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் எஸ்டேட்டில் பதிவு பெற்ற தொழிலாளி, கொழுந்து பறிக்கிறார். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாதம் இரண்டு முறை வருவார். வீட்டில் இவரும், 4 வயது மகனும், சர்க்கரையும் பிரஷரும் உள்ள 63 வயது மாமியாரும்தான். சில மாதங்களுக்கு முன்பு ஒரு ராத்திரி மகனுக்கு 103 டிகிரி காய்ச்சல். துவண்டு கிடந்தவன் தூக்கத்தில் ஏதோ உளறவும் பயந்துபோய், பக்கத்து லைனில் ஆளை எழுப்பி, 1,200 ரூபாய்க்கு ஜீப் பேசி, அரசு மருத்துவமனை கேசுவாலிட்டிக்கு ஓடியிருக்கிறார். போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் இறங்கி, பையன் பிஸ்கட் கேட்க ஆரம்பித்துவிட்டான். டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் நடு ராத்திரியில வருவீங்களா? காலையில ஓ.பி.க்கு வரத் தெரியாதா?” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு, சிரப் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அடுத்த மாதமே ஒரு விடியற்காலை 4 மணிக்கு மாமியாருக்கு மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, இரண்டு முறை வாந்தி. “கேஸ்தான், மறுபடி போய்த் திட்டு வாங்கணுமா, விடியட்டும்” என்று மாமியாரே சொல்ல, ஓமத்தண்ணீரும் சோடாவும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். எட்டரை மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றபோது அவர் மயங்கி விழுந்தார். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டு, கோவைக்கு அனுப்பி, ஸ்டென்ட் வைத்து, இப்போது வீட்டில் இருக்கிறார்.

கடைசியில் ஒன்றை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: “பகலில் போனால் ஒரு நாள் கூலி போகும். அதனால் அத்தைக்கு மாத்திரை தீர்ந்தாலும், எனக்கு முதுகு வலித்தாலும் வேலை விட்டு வந்து சாயங்காலம் கேசுவாலிட்டிக்குத்தான் போவோம். எங்களைப் போல ஆட்களால்தான் டாக்டருக்குக் கோபமோ? எப்போது போகலாம், எப்போது போகக் கூடாது? எங்களைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? என் வீட்டுக்காரர் போய் அந்த டாக்டரை நாலு கேள்வி கேட்கப் போகிறேன் என்கிறார்.”

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. அத்தை விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடிதம் முழுக்க உங்களை அரித்துக்கொண்டிருப்பது அதுதான்.

நாலரை மணி நேரம் போனது போனதுதான், மறைக்க வேண்டியதில்லை. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும். கட்டைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரம் வரை போடலாம் என்றாலும் முதல் ஓரிரு மணி நேரத்தில் போட்டால்தான் பலன் மிக அதிகம். அத்தைக்கு ஊசி வேலை செய்திருக்கிறது, உயிரோடு இருக்கிறார். தசை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பது எக்கோ பரிசோதனை அறிக்கையில் இருக்கும். அடுத்த முறை டாக்டரிடம் அதை நேராகக் கேளுங்கள்.

ஆனால் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று எல்லாரும் நினைக்கிறோம். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது அப்படி வராமலே போகலாம். மேல்வயிற்று அழுத்தம், வாந்தி, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குவது, தாடையிலோ இடது கையிலோ வலி, ‘என்னமோ பண்ணுது’ என்ற தவிப்பு என்று வரும். அத்தை இந்த மூன்று வகையிலும் அடங்குகிறார். அது கேஸா இதயமா என்று ஈ.சி.ஜி. எடுக்காமல் நானும் சொல்லியிருக்க முடியாது. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சந்தேகம் தீராது; சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்த பிறகுதான் ‘கேஸ்’ என்று சொல்லும் தைரியம் எங்களுக்கே வரும்.

அவசரமா இல்லையா என்று தீர்மானிப்பது யார் வேலை?

உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு தவறான எண்ணம் ஓடுகிறது: ‘அவசரம் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் கேசுவாலிட்டிக்குப் போக வேண்டும்.’ அந்த டாக்டரின் பேச்சு அதை உங்கள் மனதில் இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டது.

அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில், எல்லாம் பார்த்து முடித்த பிறகு ‘இதைச் சாதாரண டாக்டரே பார்த்திருக்கலாம்’ என்று ஆனவர்கள் 6.3 சதவீதம்தான். ஆனால் அவர்கள் வாசலில் என்ன தொந்தரவு சொன்னார்களோ, அதே தொந்தரவுகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் மொத்தத்தில் 88.7 சதவீதம் பேர். அந்தப் பெரிய கூட்டத்துக்குள் 11.1 சதவீதம் பேருக்கு உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டது. ‘வயிறு வலிக்குது’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதில் ஒருவருக்கு அஜீரணம், இன்னொருவருக்குக் குடல்வால் அழற்சி, உங்கள் அத்தைக்கு மாரடைப்பு. முடிவு தெரிந்த பிறகு, ‘இதுக்கா வந்தீங்க’ என்று கேட்பது யாருக்கும் சுலபம்.

வாசலில் பிரித்துப் பார்க்கத்தான் அங்கே ஆள் இருக்கிறது. தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் வருகிறவரை முதலில் ஒரு செவிலியர் பார்ப்பார். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு எப்படி இருக்கிறது என்று பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் கொஞ்ச நேரத்தில், பச்சை காத்திருக்க வேண்டியது. ரேஷன் கடை வரிசை மாதிரி முதலில் வந்தவர் முதலில் என்ற கணக்கு அங்கே கிடையாது. 108-இல் வந்திறங்கினால் முதலில் பார்ப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சரியில்லை. எதில் வந்தாலும் நிலைமையைத்தான் பார்ப்பார்கள்.

ஆக, உங்கள் பையனைத் தூக்கிக்கொண்டு போனது தப்பில்லை. துவண்டு கிடந்த குழந்தை உளறினால் எந்தத் தாயும் கிளம்பத்தான் செய்வாள். அங்கே போய்ப் பச்சை என்று ஆகி, ஒரு மணி நேரம் உட்கார வைத்திருந்தால் அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த டாக்டர் குழந்தையைப் பார்த்தார், மருந்தும் கொடுத்தார். கடமையில் தவறவில்லை, வாயில் தவறினார். ராத்திரி டியூட்டியில் ஒரே டாக்டர் வார்டையும் கேசுவாலிட்டியையும் சேர்த்துப் பார்ப்பது நம் தாலுகா ஊர்களில் சாதாரணம். அந்த அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாசலில் ஒருவரைத் திட்டி அனுப்பினால் அடுத்த முறை வராமல் போவது, வந்தே ஆக வேண்டிய நோயாளியாக இருக்கும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். இதைப் படிக்கும் இளம் டாக்டர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

மலையில் இருப்பவர்கள் காத்திருக்கக் கூடாதவை

கோவையில் இருப்பவரும் நீங்களும் ஒன்றில்லை. அவர் ‘இன்னும் அரை மணி பார்க்கலாம்’ என்றால், மோசமானால் பத்து நிமிடத்தில் போய்விடுவார். உங்களுக்கு ஜீப் கிடைக்க வேண்டும், மூடுபனியில் கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும், வழியில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை நிற்க வேண்டும், அங்கிருந்து ஊட்டிக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ அனுப்பினால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். அதனால் சந்தேகம் வந்தால் சமவெளிக்காரரைவிட முன்னதாகவே கிளம்புங்கள். கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் மணி பார்க்க வேண்டாம்:

* நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் அழுத்தம், அதோடு வியர்வையோ மூச்சு வாங்கலோ.
* முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிப்போவது, பேச்சுக் குழறுவது. பக்கவாதத்தில் கட்டைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதற்குமுன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்’ என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.
* நினைவு தப்புதல், வலிப்பு, நிற்காத ரத்தம், பூச்சிமருந்து உள்ளே போனது.
* கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, கடும் தலைவலியோடு பார்வை மங்கல், குழந்தை அசைவு குறைந்தது.
* மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல். இந்த வயதில் குழந்தை பார்க்க நன்றாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.
* பாம்புக்கடி. தேயிலைச் செடிக்குள் இருக்கும் பச்சை நிறக் குழிவிரியனுக்கு நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. அது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும்தான். ‘அப்போ போய் என்ன பயன்’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எந்தப் பாம்பு என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது; ரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குளிர் மாதங்களுக்காக இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறேன். லைன் வீடுகளில் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குளிர் காய்வது வழக்கம். காலையில் எழுந்தால் வீட்டில் எல்லாருக்கும் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். ‘நேற்று ராத்திரி சாப்பிட்ட கறி ஒத்துக்கலை’ என்பார்கள். ஒரே நேரத்தில் வீட்டில் எல்லாருக்கும் தலைவலி என்றால் முதலில் கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகப்படுங்கள். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இந்த நேரத்தில் நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும். எல்லாரையும் வெளியே இழுத்து வந்து, நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறவரையும் சேர்த்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ‘கரி மூட்டியிருந்தோம்’ என்ற தகவலைச் சொல்ல மறந்தால் டாக்டருக்கும் தட்டாமல் போகலாம்.

நாய், குரங்கு கடித்தால் நடு ராத்திரி ஜீப் தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவுவது அந்த நிமிடமே நடக்க வேண்டும். தடுப்பூசியை அடுத்த சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஆழமான கடி, முகத்திலோ கையிலோ கடி என்றால் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

108-ஐ விபத்துக்கு மட்டும் என்று நினைத்து நீங்கள் அன்று கூப்பிடவில்லை. எந்த அவசரத்துக்கும் அது வரும், காசு கிடையாது. கூப்பிடும்போது ஊர்ப் பெயரோடு எஸ்டேட் பெயர், டிவிஷன், பக்கத்தில் உள்ள ஃபேக்டரி அல்லது கோயில் என்று அடையாளம் சொல்லுங்கள். வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். வெகு தூரம் என்றால், ஜீப்பில் கிளம்பி வழியில் சந்திக்கலாமா என்று அவர்களிடமே கேட்டு முடிவெடுங்கள். நெஞ்சு வலிக்காரரை லைனிலிருந்து ரோட்டுக்குப் படியேறி நடக்க விடக் கூடாது. நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்குங்கள்.

பையனின் காய்ச்சல்

103 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 4 வயதுக் குழந்தைக்கு எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறான் என்பதுதான் முக்கியம். மருந்து கொடுத்துக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் முகம் பார்க்கிறான், தண்ணீர் குடிக்கிறான், விளையாட்டுச் சாமானைத் தேடுகிறான் என்றால் காலை வரை பொறுக்கலாம். இறங்கியும் துவண்டே கிடக்கிறான், எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கழுத்தை மடக்க முடியவில்லை, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 40-க்கு மேல் மூச்சு என்றால் அந்த நேரத்திலேயே கிளம்ப வேண்டும்.

அன்று நீங்கள் நெற்றியில் ஈரத்துணி போட்டு, உடம்புக்கு ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் சுற்றியிருந்தீர்கள். காய்ச்சல் மருந்து வீட்டில் இல்லை. மலைக் குளிரில் கம்பளி சுற்றத்தான் தோன்றும். ஆனால் காய்ச்சல்காரனுக்கு அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். ஒரு சாதாரணச் சட்டை, மேலே மெல்லிய போர்வை போதும். பாராசிட்டமால் சிரப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அளவு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். கடையில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கும், 250 உள்ளதும் கிடைக்கும். பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும். சுகாதார நிலையத்தில் எடை பார்த்து, உங்கள் பாட்டிலுக்கு எத்தனை மில்லி என்று அதன் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதும், பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணி பார்த்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

கூலிக்காகச் சாயங்காலம் போவது

இது வேறு கணக்கு. பயந்து ஓடி வருவதையும், பகல் கூலி போகக் கூடாது என்று மாதாந்திர மாத்திரைக்கு வருவதையும் ஒன்றாகக் குழப்பித்தான் நீங்கள் உங்களையே குற்றவாளி ஆக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

சாதாரணத் தொந்தரவுக்கு வருகிறவர்களால்தான் அவசரப் பிரிவே திணறுகிறது என்ற பேச்சு முழு உண்மையில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், எட்டு மணி நேரத்தில் இப்படிப் பத்துப் பேர் கூடுதலாக வந்தாலும் மற்ற நோயாளிகள் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடம்தான் கூடியது. பெரிய மருத்துவமனைகளில் நெரிசலுக்கு முக்கியக் காரணம், வார்டில் கட்டில் கிடைக்காமல் அவசரப் பிரிவிலேயே நோயாளிகள் தேங்குவது. ஆனால் அங்கே பல டாக்டர்கள் இருப்பார்கள், சாதாரண நோயாளிகளைத் தனியாகப் பார்க்க ஏற்பாடு இருக்கும். ஒரே டியூட்டி டாக்டர் இருக்கும் நம் ஊருக்கு அந்த இரண்டு நிமிடக் கணக்கை நான் நம்ப மாட்டேன். அவர் உங்களுக்குச் சீட்டு எழுதும் ஐந்து நிமிடமும் வேறொருவருடையதுதான்.

அதைவிட, அங்கே போவதால் நஷ்டம் உங்களுக்குத்தான். கேசுவாலிட்டியில் அத்தையின் பழைய சீட்டை யாரும் புரட்டப் போவதில்லை. மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். சர்க்கரை எவ்வளவு காலமாக ஏறியே இருக்கிறது, பிரஷர் மாத்திரை போதுமா, காலில் உணர்ச்சி குறைகிறதா, இதயத்தை ஒரு முறை பார்க்கலாமா என்பதெல்லாம் தொடர்ந்து பார்க்கும் ஒரு டாக்டருக்குத்தான் தோன்றும். போன இரண்டு வருடமாக அத்தைக்கு ஈ.சி.ஜி. எடுத்ததே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

உங்கள் முதுகு வலியும் அப்படித்தான். சாயங்காலம் ஒரு ஊசி, மறுநாள் மறுபடி கூடை. கால் மரத்துப்போவதோ சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவதோ இருந்தால் அவசரம். இல்லாவிட்டால் பகலில் எலும்பு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ ஒரு முறை பார்ப்பது பத்து ஊசிக்கு மேல்.

அப்புறம், அத்தை சோர்வாக இருக்கும்போதெல்லாம் ‘தெம்புக்கு’ டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வது. 500 மில்லி பாட்டிலில் உள்ள 5 சதவீத குளுக்கோஸ் என்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி. இரண்டு இட்லி சாப்பிட்டாலே கிட்டத்தட்ட அவ்வளவு கிடைத்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு அது தெம்பில்லை, தொந்தரவு. இதயம் பலவீனமான பிறகு காரணமில்லாமல் நீர் ஏற்றுவது ஆபத்தும்கூட. யார் கேட்டாலும் இனி மறுத்துவிடுங்கள்.

சரி, கூலி போகாமல் என்ன செய்யலாம்? மாத்திரைக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். அத்தையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுத்த மாத்திரைகளும் அதிலேயே வரும் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். அவற்றை எங்கே வாங்குவது என்று தனியாகக் கேளுங்கள். நடமாடும் மருத்துவக் குழு உங்கள் பகுதிக்கு எந்தக் கிழமை வருகிறது என்பதும் அந்தச் செவிலியருக்குத் தெரியும்.

ராத்திரியில் ‘போகலாமா வேண்டாமா’ என்று தடுமாறினால் 104-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் மருத்துவ ஆலோசனை தரும் அரசு எண். ஆனால் மேலே உள்ள பட்டியலில் ஒன்று இருந்தால் 104 வேண்டாம், நேராக 108.

எஸ்டேட் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்வதும், டாக்டர் சான்று கொடுத்தால் நோய்க்காலப் படி தருவதும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே நிர்வாகத்தின் பொறுப்பு. எஸ்டேட் டிஸ்பென்சரி காலையில் மட்டும்தான் திறந்திருக்கிறது, அந்த நேரம் நீங்கள் காட்டில் இருக்கிறீர்கள் என்றால், வாரத்தில் இரண்டு நாளாவது சாயங்காலம் திறக்கச் சொல்லிச் சங்கம் மூலமாகக் கேளுங்கள். ஒரு குடும்பம் கேட்டால் நடக்காது, நாற்பது குடும்பம் கேட்டால் பேசுவார்கள்.

திருப்பி அனுப்ப முடியுமா?

முடியாது. பார்க்காமல் முடியாது. 1989ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, ஆபத்தில் வருகிறவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும், போலீஸ் நடைமுறையெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996இல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில், ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ‘இடமில்லை’ என்று அனுப்பியதை, வாழும் உரிமையை மறுத்ததாகவே தீர்ப்பளித்தது. பார்த்துவிட்டு, ‘இது அவசரமில்லை, காலையில் வாருங்கள்’ என்று சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. பார்க்காமலே வாசலோடு அனுப்பினால், ‘பார்த்ததாகச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்’ என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியே வேலை செய்துவிடும்.

உங்கள் கணவர் விஷயம். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். தமிழகத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவமனை ஊழியரைத் தாக்குவது ஜாமீனில் வர முடியாத குற்றம். நாலு கேள்வி நாலு அடியாக மாற அரை நிமிடம் போதும். கோபத்தைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சொன்னார், அதன் பிறகு அத்தை விஷயத்தில் என்ன ஆனது. தலைமை மருத்துவ அலுவலரிடம் கொடுக்கலாம், அல்லது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்பலாம். 1100-இல் முதல்வரின் உதவி மையத்திலும் பதியலாம். புகார் கொடுத்தால் அடுத்த முறை சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்ற உங்கள் பயத்தை நான் அசட்டை செய்யவில்லை. சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் அந்த டாக்டரைத் தண்டிக்கச் சொல்லாமல், ‘ராத்திரி வருகிறவர்களை யாரும் திட்டி அனுப்பக் கூடாது, வாசலில் பிரித்துப் பார்க்க ஒரு செவிலியர் வேண்டும்’ என்று கேட்டு எழுதலாம். என்னிடம் கேட்டால் அப்படித்தான் எழுதச் சொல்வேன். இல்லை, பேசாமலே விட்டுவிடுகிறோம் என்றாலும் அது உங்கள் முடிவு.

அத்தைக்கு இப்போது கொடுத்திருக்கும் மாத்திரைகளில் ரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரைகள் இருக்கும். பல் பிடுங்கப் போனாலும், ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று தோன்றினாலும், டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். கோவையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஈ.சி.ஜி., மாத்திரைச் சீட்டு மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். ராத்திரி கிளம்பும்போது தேட வேண்டாம். அடுத்த பரிசோதனைத் தேதி அந்தச் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அன்றைக்குக் கூலியை நீங்கள் இழக்க வேண்டாம், உங்கள் கணவரைத் திருப்பூரில் லீவு போட்டு வந்து கூட்டிப் போகச் சொல்லுங்கள்.